கூடத்தில் யார் உட்காருவது?



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம்மவர்கள் வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவது வழக்கம். சென்ற ஆண்டு அடித்த சாயம் இந்த ஆண்டு மங்கித் தெரியும். உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பார்த்த பிளாஸ்டர் சிலிங் கண்ணுக்குள்ளேயே நிற்கும். கைப்பேசியைத் திறந்தால், யார் யாருடைய வீட்டுக் கூடங்களோ வரிசையாக வந்து நிற்கும். ‘இந்த முறையாவது நம் வீட்டை மாற்றிவிட வேண்டும்’ என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அதில் தவறும் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம், சொந்த வீடு வாங்கி, அதை அழகாக வைத்துக்கொள்ள விரும்புவதைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆயினும், இந்தப் பேச்சை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கட்டுரை. நாங்கள் பணிபுரிவது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஐந்தாம் ஆண்டில் பதினான்கு பிள்ளைகள். ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு சிறுமி இப்படி எழுதியிருந்தாள்: “எங்கள் வீட்டுக் கூடம் மிகவும் அழகானது. அங்கே சாம்பல் நிற நாற்காலிகள் உள்ளன. சிலிங்கில் நீல விளக்கு எரியும். நாங்கள் அங்கே உட்கார மாட்டோம். நான் சமையலறையில் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வேன்.”

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. புள்ளி போட்டுவிட்டோம். ஆனால், அடுத்த கட்டுரையை எடுக்கக் கை வரவில்லை. மறுநாள் அவளை அழைத்து, “ஏனம்மா கூடத்தில் உட்காருவதில்லை?” என்று கேட்டோம். “அங்க உட்கார்ந்தா அம்மா ஏசுவாங்க சார். அது வர்றவங்களுக்கு” என்றாள். வெகு இயல்பாகச் சொன்னாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்பதுதான் எங்களை உறுத்தியது.

நேயர்களே, புதிய பாணிகள் நம் வீட்டுக்குள் வரட்டும். அவை வீட்டில் இருப்பவர்களுக்கு இடம் கொடுக்கின்றனவா, இடத்தைப் பிடுங்கிக்கொள்கின்றனவா என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

இப்போது கடைகளில் அதிகமாகக் காதில் விழும் சொல் ‘ஸ்காண்டிநேவியப் பாணி’. வெள்ளைச் சுவர், வெளிர்நிற மரச்சாமான், மெத்தென்ற தரை விரிப்பு, அதிகச் சாமான் இல்லாத கூடம். இந்தப் பாணி பிறந்த சுவீடன், நார்வே போன்ற நாடுகளை நிலப்படத்தில் பாருங்கள். சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம் நிலநடுக்கோட்டிலிருந்து 59 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் என்பது ஏறத்தாழ 6 மணி நேரந்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் வீட்டுக்குள் பரப்ப அவர்களுக்கு வெள்ளைச் சுவர் வேண்டியிருந்தது. குளிர்ந்த தரையில் கால் வைக்க முடியாததால் கம்பளம் வேண்டியிருந்தது. தேவையிலிருந்து பிறந்த அழகு அது.

நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 பாகை முதல் 7 பாகைக்குள் இருப்பவர்கள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். காற்றில் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தொடுகிறது. ஆகவே வெள்ளைச் சுவர் நமக்கும் நல்லதே. நம் வரிசை வீடுகளின் நடு அறைகள் பகலிலும் இருட்டானவை. ஆனால், தடித்த கம்பளம் நமக்கு எதற்கு? ஈரக் காற்றில் அது என்றும் முழுமையாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பேன்கள் அதில் பெருகும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து விளையாடினால் இரவில் யார் விழித்திருக்க வேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். பாணியைப் பார்த்ததும் விலையைக் கேட்பதற்கு முன், ‘இதை முதலில் செய்தவர்கள் எதற்காகச் செய்தார்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதிச் செலவு குறையும்.

இனி, காற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டிலேயே நாங்கள் செய்த தவறு இது.

எங்கள் வீடு ஒரு தாமானில் உள்ள ஒற்றை மாடி வரிசை வீடு. பின்பக்கம் சமையலறையும் அதை ஒட்டி ஓர் அறையும். அந்த அறையின் சன்னல் பின்வாசல் வெளியைப் பார்த்துத் திறக்கும். சில ஆண்டுகளுக்கு முன், சமையலறை சிறிதாக இருக்கிறது என்று பின்வாசல் முழுவதையும் கூரை போட்டு அடைத்துப் பெரிதாக்கினோம். குத்தகைக்கு எடுத்தவர், “எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க” என்றார். நாங்களும் தலையாட்டினோம். ஊராட்சி மன்றத்துக்கு வரைபடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. மற்றவர்கள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள்!

சமையலறை பெரிதாயிற்று. பளபளவென்று ஓடு பதித்தோம். ஆனால், அறையின் சன்னல் இப்போது புதிய சமையலறைக்குள் திறந்தது. தாளிக்கும் புகை அறைக்குள் வந்ததால் அதை நிரந்தரமாகச் சாத்திவிட்டோம். அது எங்கள் மகளின் அறை. ஓராண்டு கழிந்ததும், பழைய சுவரும் புதிய கூரையும் சேருமிடத்தில் மழைநீர் கசியத் தொடங்கிற்று. சுவரில் பழுப்புக் கறை படிந்தது. அப்போதுதான் செங்கல் போலப் புடைத்துத் தெரியும் நுரைத்தாள் ஒன்று எல்லாக் கடைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. பின்புறத் தாளை உரித்து ஒட்டினால் போதும், அரை நாளில் அறையே மாறிவிடும். ஒட்டினோம். மகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

நான்கைந்து மாதத்தில் அவளுக்கு இரவு இருமல் வந்தது. மருந்து குடித்தால் குறையும், நிறுத்தினால் திரும்பும். மருத்துவர் ஒருவர், “படுக்கையறைச் சுவரில் பூசணம் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்து, ஏதோ ஓர் ஐயத்தில் நுரைத்தாளின் ஒரு மூலையைப் பிய்த்தோம். பின்னால் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தச் சுவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் அவளுடைய தலையணை.

கட்டடங்களுக்கான ஒருசீர் துணைச் சட்டம் என்று ஒன்று 1984இல் நம் நாட்டில் வந்தது. ஓர் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் இருக்க வேண்டும், காற்று தடையின்றி வந்து போகும் திறப்பு இருபதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு விதி. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கணக்கு இது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. சன்னல் 12 சதுர அடி. திறப்பு 6 சதுர அடி. இன்று மாலை ஓர் அளவுநாடாவை எடுத்து உங்கள் வீட்டு அறைகளை அளந்து பாருங்கள். மூடி வைத்த சன்னலையும், அலமாரி மறைத்த சன்னலையும், குளியலறைக்குள் திறக்கும் சன்னலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் மகளின் அறைக்கு விடை சுழியம் என்று வந்தது.

பழைய நாக்கோ சன்னலைக் கழற்றிவிட்டு இழுத்துச் சாத்தும் கண்ணாடிச் சன்னல் வைப்பதும் இப்போது பரவலாக நடக்கிறது. பார்வைக்கு அது நேர்த்தியானதே. ஆனால், ஒரு கண்ணாடி இன்னொன்றின் மேல்தானே போய் நிற்க வேண்டும்? நாலடிக்கு நாலடிச் சன்னல், அதாவது 16 சதுர அடியில், திறப்பது 8 சதுர அடி மட்டுமே. நாக்கோவில் சட்டங்களைக் கிடையாகத் திருப்பினால் ஏறக்குறைய முழுச் சன்னலும் காற்றுக்கு வழிவிடும். சாரல் மழையில் சாய்வாகவும் வைத்துக்கொள்ளலாம். திருடர் பயம் என்றால் கம்பி போடுங்கள். நல்ல நிலையில் உள்ள நாக்கோவை, பழசு என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறிய வேண்டாம்.

மேற்குச் சன்னலில் வெயில் அடித்தால் தடித்த திரைச்சீலை வாங்குகிறோம். கண்ணாடியைக் கடந்து வெப்பம் உள்ளே வந்த பிறகு திரை அதைத் தடுத்து என்ன பயன்? அந்தத் திரையே சூடேறி அறைக்குள் வெப்பத்தை விடும். சன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால், கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வெயில் நின்றுவிடும். நம் பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகள் இதையெல்லாம் என்றோ அறிந்தவை. தரையிலிருந்து தூக்கிக் கட்டிய தளம், ஆள் உயரச் சன்னல், அதற்கு மேலே காற்றுப் போக மரத்தில் குடைந்த பூவேலை. அந்தப் பூவேலையை இன்று அலங்காரம் என்கிறோம்; அதன் வேலை சூடான காற்றை வெளியே அனுப்புவது.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறோம். கசிவை அடைத்தோம். நுரைத்தாளை எடுத்தோம். சன்னலுக்கு நேரே புதிய சமையலறையில் மூன்றடியைத் தடுப்புச் சுவர் வைத்து ஒதுக்கி, அதன் மேல் கூரையைப் பிரித்து, கம்பி வலை போட்டு, வானம் தெரியும்படி விட்டுவிட்டோம். இம்முறை வரைபடத்தோடு ஊராட்சி மன்றத்துக்குப் போனோம். சமையலறை அழகு கொஞ்சம் போயிற்று. மகளின் இருமல் ஒரே நாளில் நின்றுவிடவில்லை, படிப்படியாகக் குறைந்தது.

அடுக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.பி.ஆர். வீடு ஏறத்தாழ 700 சதுர அடி அளவுடையது. ஒரு சுவரை இடித்தால் கூடம் பெரிதாகும் என்று தோன்றும். பல அடுக்கு வீடுகளில் அந்தச் சுவர்தான் மேல்மாடியைத் தாங்கி நிற்கிறது. நிர்வாகத்தைக் கேட்காமல் சுத்தியலைத் தொடக்கூடாது. அதேபோல், பழைய வீடுகளின் கூரைத் தகடும் சிலிங்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். அதை உடைப்பதும் துளையிடுவதும் சுரண்டுவதும் நுரையீரலுக்குப் பெருங்கேடு. அறிந்தவர்களைக் கொண்டுதான் அகற்ற வேண்டும்.

சாயத்துக்கு வருவோம். பூசணம் பிடித்த சுவரில் சாயம் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போன்றது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பிறகு, முகமூடியும் கையுறையும் அணிந்து, தண்ணீர் கலந்த பிளீச் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிளீச்சோடு வேறு எந்தக் கழுவும் மருந்தையும் கலக்காதீர்கள். நச்சுப் புகை எழும். புதிதாகச் சிமெந்து பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது காய்ந்த பிறகே சாயம். தீபாவளி நெருங்குகிறதே என்று ஈரச் சுவரில் அடித்தால் பொங்கலுக்குள் உரியும்.

எவ்வளவு சாயம் வேண்டும் என்பதையும் கடைக்குப் போகுமுன் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே 10க்கு 12 அறை, 9 அடி உயரம். நான்கு சுவரும் சேர்ந்து 396 சதுர அடி. கதவும் சன்னலும் போக ஏறத்தாழ 360. ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு 110 சதுர அடி அளவுக்கு வரும். இரண்டு பூச்சு என்றால் ஆறரை லிட்டர் போதும். கணக்கில்லாமல் வாங்கிய சாயம் எத்தனை வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் டின்னோடு காய்ந்து கிடக்கிறது!

நிறம் அவரவர் விருப்பம். ஆனால், ஒரு சுவரை மட்டும் அடர் சாம்பலாக்கும் பழக்கம் வந்திருக்கிறதே, அது சிறிய கூடத்துக்கு ஏற்றதன்று. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். அடர் நிறம் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்.

இப்போது மேல்நாட்டில் சுண்ணாம்புப் பூச்சுக்கு மவுசு வந்திருக்கிறது. மேடும் பள்ளமுமாக, மேகம் போல் தெரியும் சுவர். அதைப் படத்தில் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது தீபாவளிக்குத் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். அப்பா வாளியில் கரைத்து, தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி லயத்துச் சுவரில் அடிப்பார். நீலம் கொஞ்சம் சேர்த்தால் வெண்மை கூடும். அடித்தது அப்படியேதான், மேகம் போலத்தான், இருக்கும்! ஏழ்மையால் செய்ததாக நினைத்தோம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூசணத்தை அண்டவிடாது. சுவரில் உள்ள ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று மரச்சாமான் கடையில் காத்திருந்தது. வெளிர் மஞ்சள் நிறத்தில், இழைத்த கோடுகள் தெரிய, ஒரு சாப்பாட்டு மேசை. கடைக்காரர், “இது மலேசியன் ஓக்” என்றார். கூட வந்திருந்த பாட்டி மேசையின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தார். முப்பது ஆண்டு பால் மரம் சீவிய கை அது. “இது நம்ம பால் மரமாச்சே தம்பி, அடுப்புல வெச்சு எரிச்சதாச்சே” என்றார்.

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. மலேசியன் ஓக் என்பது வியாபாரப் பெயர். அது ரப்பர் மரம். 1877இல் நம் நாட்டுக்குள் கன்றாக வந்த மரம். நம் முன்னோரைக் கடல் கடந்து இழுத்து வந்த மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்த பின் அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரத்துக்கு அந்நாளில் மதிப்பில்லை. லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டைக் காய வைக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாயிற்று. காரணம், அந்த மரத்தில் சர்க்கரையும் மாவுச் சத்தும் மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூசணமும் துளைக்கும் வண்டும் பிடித்துவிடும். மரத்தை உடனே அறுத்து, போரான் சேர்ந்த மருந்தை அழுத்தத்தால் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிலைத்து நிற்கும் என்பதைக் கண்டறிந்த ஆய்வுகளில் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கும் பங்குண்டு. 1980ஆம் ஆண்டுகளில் அதைக் கொண்டு மரச்சாமான் தொழில் வளர்ந்தது. ஜொகூரிலுள்ள மூவார் நகரம் அதற்குப் பேர்போனது. அங்கிருந்து மேசையும் நாற்காலியும் உலகமெங்கும் போகின்றன.

பாட்டி அந்த மேசையை வாங்கச் சொன்னாரா என்று கேட்பீர்கள். “நல்லாத்தான் இருக்கு. விறகுக்கு இவ்வளவு விலையா?” என்றார். வாங்கினோம். ரப்பர் மரச்சாமானை வெயிலிலும் மழையிலும் போடக்கூடாது. தரை துடைக்கும் ஈரம் ஏறாதபடி கால்களுக்கு ரப்பர் குல்லா மாட்டிவிட வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தால் நெடுநாள் உழைக்கும். துணி வேலைப்பாடு இல்லாத இந்த வகை மர நாற்காலியை நாங்கள் மனமாரப் பரிந்துரைக்கிறோம். தோல் போலத் தோன்றும் செயற்கைத் தோல் நாற்காலிகள், நம் ஈரக் காற்றில் சில ஆண்டுகளிலேயே பொருக்குப் பொருக்காக உரிந்து, உட்கார்ந்தவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு போகின்றன. பிரம்பு நாற்காலியும் இன்று மறுபடி பாணியாகியிருக்கிறது. பரணில் போட்டவர்கள் இறக்கித் துடைத்துக்கொள்ளலாம்.

சமையலறை அலமாரியைப் பற்றிச் சுருக்கமாக. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்தது விலை குறைவு; ஆனால், நீர் பட்டால் ரொட்டி போல் ஊதும், கரையானுக்கும் விருந்தாகும். தொட்டிக்குக் கீழே மட்டுமாவது அலுமினியத்தில் செய்துகொள்வது நல்லது. அழகைவிட முக்கியமானது எரிவாயுத் தோம்பு. அது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, அலமாரியின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். தோம்பை வெளியே வையுங்கள். வெளியே வைக்கவே இடமில்லை என்றால், கதவின் அடிப்பாகத்தில் தாராளமான காற்றுத் துளைகளாவது இருக்கட்டும். சாமி மேடைக்கு மேலே பலகைத் தட்டு அடித்து, அதற்கு நேர் கீழே விளக்கேற்றுவதும் அப்படிப்பட்ட ஆபத்துத்தான்.

கண்ணாடிப் புட்டிகளில் நீர் ஊற்றிக் கொடி வளர்ப்பதும் இப்போது கூடத்துக்கு அழகு. வளருங்கள். ஆனால், ஏடிஸ் கொசுவுக்கும் அந்தப் புட்டி பிடித்தமான வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே, வாரந்தோறும் நீரை மாற்றிப் புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதாரத் துறையினர் வந்து பார்த்துத் தண்டம் விதிக்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம். டிங்கிக் காய்ச்சல் தண்டத்தைவிடக் கொடியது.

இனிப் பணம். மூவாயிரம் வெள்ளிக்கு நாற்காலி வரிசை ஒன்று. கையில் காசில்லை, தவணையில் எடுக்கிறோம். ‘ஆண்டுக்கு 10 விழுக்காடுதான்’ என்கிறார்கள். அந்த வட்டி மூன்றாண்டும் முழு மூவாயிரத்துக்கே கணக்கிடப்பட்டால், வட்டி 900 வெள்ளி. ஆக மொத்தம் 3,900. மாதம் 108 வெள்ளி 33 காசு. நாம் மாதந்தோறும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். வட்டியோ குறையாத முதலுக்குப் போடப்படுகிறது. உண்மையில் நாம் கொடுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. கையெழுத்திடும் முன் கடைக்காரரிடம் ‘எத்தனை விழுக்காடு?’ என்று மட்டும் கேட்காமல், ‘கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?’ என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது அந்தச் சிறுமியின் தாயார் நினைவுக்கு வருகிறார். பெற்றோர் சந்திப்பு நாளில் அவரைத் தனியே அழைத்து, மெதுவாகப் பேச்சை எடுத்தோம். அவர் கோபப்படவில்லை. “சார், அந்தச் செட்டிக்கு இன்னும் பதினாறு மாசம் கட்டணும். பிள்ளைங்க பேனாவால கிறுக்கிட்டா, கிழிச்சிட்டா, கிழிஞ்சதுக்கா நான் மாசா மாசம் கட்டுறது? என் வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு சார். எங்க அம்மா வீட்டுல யாராச்சும் வந்தா உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி கிடையாது. அந்த வெட்கம் எனக்குத்தான் தெரியும்” என்றார்.

எங்களிடம் உடனே பதில் இல்லை. நீர்க்கறையை நுரைத்தாளால் மறைத்தவர்கள் நாங்கள். வருகிறவர்களுக்காக வீட்டை அலங்கரிக்கும் அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்பது லயத்தில் வளர்ந்த எவருக்கும் புரியும். நாற்காலியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. “வீட்டில் சன்னல் ஓரமாக இரண்டடிச் சுவர் சும்மா இருக்கிறதா அம்மா?” என்று மட்டும் கேட்டோம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிறது என்றார்.

அங்கே ஒரு மடக்குப் பலகை பொருத்தலாம் என்று சொல்லிக் கொடுத்தோம். கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களும் விரும்பினால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், முக்கால் அங்குலக் கனமுள்ள ரப்பர் மரப் பலகை. மரக்கடைகளில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு சட்டம் அடித்து, கீல் வைத்து, அடியில் மடக்குத் தாங்கி இரண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தரையிலிருந்து 24 அங்குல உயரம், அதற்கேற்ற முக்காலி 14 அங்குலம். பிள்ளை வளர்ந்தால் சட்டத்தைக் கழற்றி மேலே ஏற்றிக்கொள்ளலாம். வலக்கையால் எழுதும் பிள்ளைக்குச் சன்னல் இடப்பக்கம் இருக்கட்டும்; இல்லையெனில் எழுதும் கையின் நிழலே எழுத்தின்மேல் விழும். இரவுக்கு, சிலிங்கில் ஒளிந்து எரியும் நீல விளக்கு உதவாது. பலகைக்கு மேலே 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். அந்நாளைய 60 வாட் குண்டு விளக்கின் வெளிச்சம் அதில் கிடைக்கும்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறுமி ஒரு கேள்வி கேட்டாள். “சார், பலகைய மடக்கி வெச்சா அதுக்குப் பின்னாடி பேரு எழுதலாமா?” எழுதலாம் என்றோம்.